எங்கட ஓபர்ஷ்னாப்

பேரின்பநாதனுக்கு யாழ்ப்பாணத்தில் உயிராபத்து இருக்கிறதா இல்லையா என்று முடிவுசெய்வதற்காக, ஓபர்ஷ்னாப் என்ற ஆல்ப்ஸ் மலை நகரத்தின் மணிக்கூண்டு எந்த நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று அவரிடம் கேட்டார்கள். அவர் தெரியாது என்றார். வினை அங்கேதான் தொடங்கியது.

கேட்ட இடம், கனடாவில் மொன்றியல் நகர மையத்தில் ஓர் உயர்ந்த கட்டடத்தில் இயங்கிய நம்பகத்தன்மை மன்றம். தஞ்சம் கேட்டு வருகிறவர்கள் சொல்வது மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிப்பது அதன் வேலை. 2008 மார்ச் மாதம். வெளியே சாலையோரத்தில் பனி கறுத்துக் கிடந்தது. உள்ளே, ஒவ்வொரு விசாரணைக்கும் முன்னால் நடப்பதுபோல, எல்லோரும் எழுந்து நின்று கண்களை மூடி ஒரு நிமிடம் நடுநிலை காத்தார்கள். தஞ்சம் கேட்பவரும் கண்ணை மூட வேண்டும் என்பது விதி. தன் வழக்கில் தானும் நடுநிலையாக இருப்பதே நாகரிகம் என்று மன்றம் கருதியது. பேரின்பநாதன் கண்ணை மூடவில்லை என்பதை, கண்ணை மூடியிருந்த ஆணையாளர் கவனித்துக் குறித்துக்கொண்டார்.

ஆணையாளரின் பெயர் லாஃப்ராம்புவாஸ். முன்பு பனிச்சறுக்குச் சாமான்கள் விற்றவர். பிறகு தேர்தலில் நின்று தோற்றவர். மக்கள் கைவிட்டவரை அரசாங்கம் கைவிடவில்லை. மக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் கொண்டுவந்து இருத்தியது.

பேரின்பநாதன் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தவர். அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்களின் நெகட்டிவ்களை அரசாங்கத்தின் ஆமி கேட்டது. அதோடு சண்டை பிடித்த இயக்கமும் கேட்டது. அவர் இரண்டு பக்கத்துக்கும் கொடுக்கவில்லை. கடையில் உதவிக்கு நின்ற மனைவியின் தம்பியை ஒரு மாலையில் வெள்ளை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. அதே வான் பிறகு பேரின்பநாதனின் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கைக்கும் வந்தது. அவர் தப்பி, கொழும்பு போய், ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் கையில் விழுந்து, ஓபர்ஷ்னாப்பில் ஒரு ஹோட்டல் நிலவறையில் ஐந்து மாதம் கிடந்து, கடைசியில் மொன்றியல் வந்து சேர்ந்தார். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு அடுக்கும் சமையற்கூடத்தில் வேலை. மனைவி புஷ்பவதியும் பதினைந்து வயது மகள் வித்தியாவும் இன்னும் சுன்னாகத்தில். அவர் வந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பாதையையும் மூடிவிட்டார்கள். இங்கே தஞ்சம் கிடைத்தால் அவர்களைக் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் கூப்பிட வேறு வழி இல்லை.

"முதல் பதினெட்டுப் பக்கமும் யாழ்ப்பாணம்," என்றார் ஆணையாளர், கோப்பைத் தட்டி. "அதை நான் வாசிக்கவில்லை. வாசித்தால் மனம் இளகும். இளகிய மனம் நடுநிலையான மனம் அல்ல. அங்கே போகிற பாதை மூடியிருப்பதாகச் செய்தியில் சொன்னார்கள். மூடிய இடத்தில் நடந்ததை யார் சரிபார்ப்பது? ஆனால் பத்தொன்பதாம் பக்கத்தில் ஓபர்ஷ்னாப் வருகிறது. ஓபர்ஷ்னாப்பைச் சரிபார்க்கலாம். நான் ஒவ்வொரு வருடமும் போகிறேன்."

இதைத் தமிழில் சொன்னவர் மொழிபெயர்ப்பாளர் கிருஷ்ணகுமார். சென்னைப் பையன், பல்கலைக்கழகத்தில் கணினி படித்துக்கொண்டே இந்த வேலைக்கும் வந்தான். நல்லவன். யாழ்ப்பாணத் தமிழை அவன் முதன்முதலாகக் கேட்டது இந்த மன்றத்தில்தான்.

"ஓபர்ஷ்னாப்பில் ஐந்து மாதம் என்ன செய்தீர்கள்?"

"ஹோட்டலுக்குக் கீழ நிண்டு கோப்பை கழுவினனான், ஐயா. மேல வர விடேல்லை."

"கப் கழுவியிருக்கிறார்," என்று மொழிபெயர்த்தான் கிருஷ்ணகுமார்.

"ஐந்து மாதமும் கப் மட்டுமா? தட்டுகளை யார் கழுவினார்கள்?"

"அண்ணா, தட்டை யாரு கழுவினாங்கன்னு கேக்கறாரு."

பேரின்பநாதன் யோசித்தார். அவருடைய ஊரில் சோறு போட்டுச் சாப்பிடுவது கோப்பை. தட்டு என்றால் கோயிலில் கற்பூரம் காட்டுவது. "தட்டு ஒண்டும் அங்க இருக்கேல்லை, தம்பி. முழுக்கக் கோப்பைதான்."

தட்டே இல்லாத ஹோட்டல் என்று ஆணையாளர் எழுதிக்கொண்டார். மணிக்கூண்டு முதலாவது முரண்பாடு. தட்டு இரண்டாவது. பிறகு மூன்றாவதுக்கு வந்தார்.

"ஏப்ரலில் அங்கே ஒரு பெருவிழா நடக்கும். அது எதைக் கொண்டாடுகிறது?"

"அண்டைக்குக் கேக் சாப்பிட்ட கோப்பையள் கனக்க வந்தது. கேக் கதவு மாதிரிச் செய்திருந்தவை. மிச்சம் எனக்குத் தெரியாது, ஐயா."

ஆணையாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. ஓபர்ஷ்னாப்பை நினைத்து வேதனைப்படுகிறேன். ஒரு நகரம் ஐந்து மாதம் தன் நிலவறையை உங்களுக்குத் தந்தது. பதிலுக்கு அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ளும் மரியாதைகூட உங்களிடம் இல்லை. ஓபர்ஷ்னாப்பையே ஒழுங்காகப் பார்க்காத ஒருவர், சுன்னாகத்தை மட்டும் ஒழுங்காகப் பார்த்திருப்பார் என்று நான் எப்படி நம்புவது?"

சட்ட உதவி வக்கீல் செலீன் எழுந்தாள். "இவருடைய மைத்துனரைக் கடத்தியிருக்கிறார்கள், ஆணையாளர் அவர்களே."

"அது எந்தப் பக்கம்?"

"பதினொன்று."

"நாம் பத்தொன்பதில் இருக்கிறோம், மேடம்."

இயற்கை நீதியை மதித்து, நகரத்தின் வரலாற்றை நினைவுபடுத்திக்கொள்ள அவருக்கு ஒரு மாத அவகாசம் வழங்கப்பட்டது.

நடைபாதையில் கிருஷ்ணகுமார் பின்னாலேயே ஓடிவந்தான். "சாரிண்ணா. எங்க ஊர்ல கோப்பைன்னா கப்புண்ணா. இப்பதான் ஸ்ட்ரைக் ஆச்சு."

"பரவாயில்லை, தம்பி. உங்கட ஊரில சோத்தை எதில போடுறவை?"

"தட்டுலண்ணா."

"சாமிக்குக் காட்டுறதிலயோ!" என்று பேரின்பநாதன் நிஜமாகவே அதிர்ந்தார்.

செலீன் மேலங்கியை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த ஆணையாளரே பரவாயில்லை. அடுத்த அறையில் இருப்பவர் கிரேக்கத் தீவுகளைக் கேட்பார். தீவுகள் ஏராளம். படியுங்கள், வேறு வழி தெரியவில்லை."

படிப்பதற்கு யாழ்ப்பாணத்தவருக்கு ஒரே வழிதான் தெரியும்: டியூஷன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே, சிவநேசம் மாஸ்டர் ஏற்கனவே வகுப்புத் தொடங்கியிருந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே வாரநாளில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்கினார், ஞாயிறுகளில் ஆல்ப்ஸ். ஒரே ஏஜென்சிக்காரன் ஒரே நிலவறைக்குப் பலரை அனுப்பியிருந்ததால் மாணவர்களுக்குக் குறைவில்லை. கடந்தகால வினாக்கள் இருந்தன. மாதிரி விடைகள் இருந்தன. வாராந்தப் பரீட்சை இருந்தது. குறைந்த புள்ளி எடுத்த ஓர் அம்மா அழுதார். கிரேக்கத் தீவுப் பிரிவு புதன்கிழமைகளில் நடந்தது. அந்த வசந்தத்தில், பார்க் எக்ஸ்டென்ஷனில் கனடாவின் வரலாறு தெரிந்தவர்களைவிட ஓபர்ஷ்னாப்பின் வரலாறு தெரிந்தவர்கள் அதிகம்.

"எழுதுங்கோ," என்றார் மாஸ்டர். "எங்கட மணிக்கூண்டு பதினைஞ்சாம் நூற்றாண்டு. எங்கட நகரசபை அதுக்கும் முந்தினது."

யாழ்ப்பாணத்தவருக்கு இப்படி ஒரு பழக்கம். இரண்டு தரம் போன கடை எங்கட கடை. ஒருதரம் ஊசி போட்டவர் எங்கட டொக்டர். டோர்வலில் பேரின்பநாதன் சாப்பாடு ஏற்றுகிற விமானம் எங்கட பிளேன். அந்தச் சொல்லில் உரிமை எதுவும் கிடையாது. பக்கத்தில் நின்றோம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. ஆகவே ஓபர்ஷ்னாப்பும் அரிசி மூட்டைகளின் நடுவே எங்கட ஓபர்ஷ்னாப் ஆயிற்று.

"இனி முக்கியமான கேள்வி. கட்டாயம் வரும். திறந்த கதவுத் திருவிழா. முந்தி ஒருக்கா, மலைக்குக் கீழ சண்டை. பள்ளத்தாக்கில ஊரெல்லாம் எரியுது. சனம் பிள்ளை குட்டியளோட பனிக்குள்ளால மேல ஏறி எங்கட நகரத்துக் கதவடிக்கு வருது. உள்ள விடச் சொல்லிக் கேக்குது. எங்கட நகரசபை என்ன செய்தது? உடன திறக்கேல்லை. உடன திறந்தால் பிழையான ஆக்களும் வந்திடுவினம். ஒரு குழு போட்டு, உண்மையா எரிஞ்ச ஊர் ஆக்களோ எண்டு கதவுத் துவாரத்தால கேள்வி கேட்டவை. பனி கொட்டின மாரி முழுக்கக் கேட்டவை. பனி கரைஞ்சாப் பிறகு, நல்ல வெயில் நாளில, மணி அடிச்சுக் கதவைத் திறந்தவை. அந்த நாள்தான் திருவிழா. கேக்கின்ர வடிவம் கதவு. விளங்குதோ?"

"மாஸ்டர்," என்றார் பேரின்பநாதன், "வெளியில நிண்ட சனத்துக்கு என்ன நடந்தது?"

மாஸ்டர் தன் தாள்களைப் புரட்டினார். முன்னும் பார்த்தார், பின்னும் பார்த்தார்.

"அது சிலபஸில இல்லை," என்றார்.

வீட்டில் அறைத்தோழன் அருமைநாதன், டோர்வலில் பெட்டி தூக்குகிறவன், மீன் பொரித்துக்கொண்டே கேள்வி கேட்டான். "முதலாவது மேயர் எப்ப பிறந்தவர், அண்ணை?" பேரின்பநாதன் சொன்னார். "சரி. அக்கான்ர பிறந்தநாள் எப்ப?" அவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். "நல்ல வடிவுதான்! பொஞ்சாதியின்ர பிறந்தநாள் தெரியாது, மேயரின்ரது தெரியுது. அக்கா இஞ்ச வந்தாப் பிறகு நானே சொல்லிக் குடுக்கிறன்."

"முதல் அவள் வரட்டும்," என்றார் பேரின்பநாதன்.

இரண்டாவது விசாரணையில் அவர் கண்ணை இறுக மூடி நடுநிலை காத்தார். எங்கட மணிக்கூண்டு, எங்கட நகரசபை என்று மாஸ்டர் சொன்னபடியே சொன்னார். மேயர்களை வரிசையாகச் சொன்னார். தீ விபத்து, பாலாடைக்கட்டிச் சங்கம், முதல் ரயில். கிருஷ்ணகுமார் மூச்சு வாங்க மொழிபெயர்த்தான். ஆணையாளரின் முகம் மலையில் வெயில் ஏறுவதுபோல ஒளிகொண்டது. ஓரிடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டப் போனார். விதி நினைவுக்கு வந்து கையைத் தடவிக்கொண்டார்.

"இப்போது திருவிழா."

பேரின்பநாதன் மாதிரி விடையைத் தொடங்கினார். சண்டை வந்தது. ஊர்கள் எரிந்தன. நகரசபை குழு போட்டது.

"ஒரு நிமிடம்," ஆணையாளர் பரவசத்தோடு குறுக்கிட்டார். "இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பதிவுக்காகச் சொல்கிறேன். அவர்கள் அவசரப்படவில்லை. வெளியே அழுகுரல் கேட்டது. பனி கொட்டியது. அப்போதும் அவர்கள் நடைமுறையைக் கைவிடவில்லை. நான் இந்தப் பதவியை ஏற்ற நாளில் அந்தக் கதவின் படத்தை என் அறையில் மாட்டினேன். எல்லோரும் கருணை, கருணை என்கிறார்கள். கருணையை யாரும் காட்டலாம். கடைசிவரை சரிபார்த்துவிட்டு, பிறகு கதவைத் திறப்பதற்குத்தான் நாகரிகம் வேண்டும். தொடருங்கள்."

மாதிரி விடையில் அடுத்த வரி, பனி கரைந்தது என்பது. பேரின்பநாதன் வாயைத் திறந்தார். அந்த வரி வரவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மாஸ்டர் நின்று படிப்பித்த பக்கத்திலிருந்து அல்ல. ஐந்து மாதம் நிலவறையில் அவர் கழுவிய கோப்பைகளில் ஒட்டியிருந்த கேக் நினைவுக்கு வந்தது. அதைச் சுரண்டி அவரும் ஒருநாள் தின்றிருக்கிறார். இனிப்பாகத்தான் இருந்தது.

"அந்தக் கதவுக்கு வெளியில நிண்டது," என்றார், "எங்கட ஆக்கள்."

கிருஷ்ணகுமார் தயங்கினான். கோப்பையில் பட்ட சூடு அவனுக்கு மறக்கவில்லை. "அண்ணா, எங்கடன்னா... உங்களோடன்னு சொல்லலாமா?"

"ஓம். எங்கட ஆக்கள். எங்கட சனம்தான் அது. பிள்ளையளோட நிண்டது. கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லிச் சொல்லி நிண்டது. அப்பிடியே சொல்லுங்கோ, தம்பி. ஒண்டையும் மாத்தாதேங்கோ."

கிருஷ்ணகுமார் ஒன்றையும் மாற்றாமல் சொன்னான். கதவுக்கு வெளியே நின்றவர்கள் இவருடைய மக்கள்.

ஆணையாளர் மெதுவாக முன்னால் சாய்ந்தார்.

"பள்ளத்தாக்கு மக்கள் உங்கள் மக்களா?"

"ஓம்."

"சத்தியப்பிரமாணத்தின் கீழ்தான் சொல்கிறீர்கள்?"

"ஓம், ஐயா. என்ர பிள்ளைமேல ஆணையா."

செலீன் நாற்காலி பின்னால் விழ எழுந்தாள். "ஆணையாளர் அவர்களே, அவர் சொல்வது வேறு! அவருடைய மனைவியும் மகளும் அங்கே அப்படி நிற்கிறார்கள் என்று சொல்கிறார். அது ஓர் உருவகம்!"

"உருவகங்களைச் சரிபார்க்க மன்றத்துக்கு வசதி கிடையாது, மேடம். வாக்குமூலத்தைத்தான் சரிபார்க்க முடியும். இவர் பேசிய விதத்தைக் கேட்டீர்களா? எங்கள் மணிக்கூண்டு, எங்கள் நகரசபை, எங்கள் மக்கள். நானே ஓபர்ஷ்னாப்பை எங்கள் என்று சொல்லத் துணிந்ததில்லை."

தீர்ப்பு அன்றே வாசிக்கப்பட்டது. விண்ணப்பதாரர் முழுக்க நம்பகமானவர் என்று மன்றம் காண்கிறது. (செலீன் ஒரு கணம் அவருடைய கையைப் பிடித்தாள்.) அவர் ஓபர்ஷ்னாப் பள்ளத்தாக்கின் பூர்வ குடியைச் சேர்ந்தவர் என்பதைத் தம் வாயாலேயே நிறுவியிருக்கிறார். அது அமைதியான, அழகான பிரதேசம். அங்கே அவருக்கு ஆபத்து எதுவும் இல்லை. சுன்னாகத்தில் அவருக்கு நடந்ததாகச் சொல்லப்படுபவை, நடந்திருக்குமானால், ஓர் ஐரோப்பியப் பயணிக்கு வெளியூரில் நேர்ந்த வருந்தத்தக்க அசௌகரியங்கள். கனடாவின் பாதுகாப்பு அவருக்குத் தேவையில்லை. அவர் தன் ஊருக்குத் திரும்பலாம்.

"எந்த ஊருக்கு?" என்று பேரின்பநாதன் கிருஷ்ணகுமாரிடம் கேட்டார்.

அவன் மொழிபெயர்ப்பாளர் மேசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். "நான் உங்களோடன்னு சொல்லியிருக்கக் கூடாதுண்ணா," என்றான்.

"நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள், தம்பி."

ஆணையாளர் வெளியே போகும்போது நின்று அவருடைய கையைக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. "உங்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது," என்றார்.

மன்றம் ஓபர்ஷ்னாப் நகரசபைக்கு எழுதியது: உங்கள் மண்ணின் மைந்தர் ஒருவர் திரும்பி வருகிறார், ஏற்றுக்கொள்ளவும். நகரசபை மிக மரியாதையாகப் பதில் எழுதியது. இந்தப் பெயரைத் தாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆயினும் நகரத்தின் மரபுப்படி எந்தக் கோரிக்கையையும் ஆராயாமல் ஒதுக்குவதில்லை. குழு ஒன்று அமைக்கப்பட்டிருக்கிறது. சில கேள்விகள் அனுப்பிவைக்கப்படும். வரும் மாரிக்குப் பிறகு முடிவு தெரியும்.

"நல்ல செய்தி," என்று ஆணையாளரின் அலுவலகத்திலிருந்து செலீனுக்குத் தொலைபேசி வந்தது. "அவர்கள் ஆராய்கிறார்கள்."

செலீன் மேன்முறையீடு செய்தாள். மேன்முறையீட்டு அறை, ஓபர்ஷ்னாப்பின் பதில் வரும்வரை தன்னால் எதுவும் செய்ய முடியாது என்றது. ஓபர்ஷ்னாப், மொன்றியலின் இறுதி முடிவு தெரியாமல் குழு கூட முடியாது என்றது. பேரின்பநாதனை அனுப்பவும் முடியாது, வைத்துக்கொள்ளவும் முடியாது. அவரால் யாரையும் கூப்பிடவும் முடியாது. சிவநேசம் மாஸ்டர் மட்டும் புதிய பாடம் ஒன்றைச் சேர்த்தார்: எங்கட என்ற சொல்லை எங்கே பாவிக்கக் கூடாது.

ஜூன் மாதத்தில் ஒரு காலை, வேலை முடிந்து வந்ததும் சுன்னாகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே பின்னேரம். ஊரடங்கு தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வித்தியா எடுத்தாள்.

"அப்பா, கேஸ் என்ன மாதிரி? அம்மா கேக்கிறா."

"நடக்குது, பிள்ளை."

"மாமாவைப் பற்றிக் கேட்டவையோ? ஸ்டூடியோவைப் பற்றி?"

"இல்லை."

"அப்ப என்னத்தைத்தான் கேட்டவை?"

"ஹிஸ்ரி கேட்டவை."

அவள் சிரித்தாள். "இந்த வயசில உங்களுக்கு ஹிஸ்ரியோ? சொல்லுங்கோ பாப்பம், என்ன பாடம்?"

அவர் சொன்னார். மலையைச் சொன்னார், எரிந்த ஊர்களைச் சொன்னார், பனிக்குள் ஏறி வந்த சனத்தையும் மூடிய கதவையும் சொன்னார். மகளுக்குக் கதை சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டிருந்தது.

"பேந்து கதவைத் திறந்தவையோ?"

"ஓம், திறந்தவை."

"எப்ப?"

"பனி கரைஞ்சாப் பிறகு."

"அப்ப வெளியில நிண்ட ஆக்கள், அப்பா?"

சிலபஸில் இல்லை என்ற மாஸ்டரின் பதில் அவருடைய நாக்கு நுனியில் இருந்தது. அதை அவளிடம் சொல்ல முடியவில்லை. மறுமுனையில் நாய் ஒன்று குரைத்தது. பிறகு பல நாய்கள். புஷ்பவதி தூரத்தில், "லைற்றை நூர், பிள்ளை, வெளியில வெளிச்சம் தெரியக் கூடாது," என்று சொல்வது கேட்டது.

வித்தியாவின் குரல் சட்டென்று தணிந்தது. "அப்பா, ஒழுங்கையில ஏதோ வான் சத்தம். பேந்து கதைக்கிறன்."

"கதவை இறுக்கிப் பூட்டுங்கோ," என்றார் அவர். "ஆர் வந்து என்ன சொல்லிக் கேட்டாலும் திறக்காதேங்கோ."

தொடர்பு அறுந்திருந்தது. அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு நின்றார்.